கணக்கில் சேராத ஆறு தொட்டிகள்

உறவுமானியின் முனை தண்ணீரில் நனைந்ததும் பச்சை விளக்கு எரிந்தது. தொட்டிக்குள் இருந்த எட்டு நீலவால் மீன்களும் அதைப் பொருட்படுத்தாமல் அடியில் கிடந்த தென்னைநார்த் தூளைக் கிளறிக்கொண்டிருந்தன. ஜெசிந்தா திரையைப் படித்தாள். செவ்வால் மழைமீன். விலகல் எண் பூச்சியம் புள்ளி எட்டு. ஒரே இனம்.

மறுபடி நனைத்தாள். மறுபடியும் அதே எண்தான் வந்தது.

"இன்னா மேடம், திரும்பத் திரும்பக் கேட்டா அது பதிலை மாத்திச் சொல்லிடுமா?" என்றார் தணிகாசலம். கொளத்தூரில் முப்பது வருடமாக வண்ண மீன் வளர்ப்பவர். கையில் புழுக் கிண்ணத்தோடு, தொட்டிக்குத் தொட்டி நகர்ந்துகொண்டே பேசுகிறவர். "வாலைப் பாருங்க. ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். கொழந்தைகூடச் சொல்லிடும் ரெண்டும் வேறன்னு. உங்க குச்சிக்குத்தான் தெரியல."

அந்தக் குச்சி வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பேனா அளவுதான் இருக்கும். செதிலையோ தோலையோ, மீன் நீந்திய தண்ணீரையோ தொட்டால் போதும். மரபணுவைப் படித்து, இது இன்ன உயிர், இதற்கு நெருங்கிய சொந்தம் இன்னது, இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் என்று சொல்லிவிடும். வஞ்சிரம் என்று சொல்லி வேறெதையோ வெட்டிக் கொடுக்கிற வேலை காசிமேட்டில் ஒரே மாதத்தில் நின்றுபோனது. மாம்பழக் கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாம்பழமே தன் ஊர் பேர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஜனங்களுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. பிறகு அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து அந்தக் குச்சியின் நுனியில் கட்டின. உயிர்ப்பட்டியலில் தனிப் பெயர் இருக்கிற உயிருக்கு, அது வாழும் மண்ணும் நீரும் சொந்தம். யாரும் கை வைக்க முடியாது. பெயர் இல்லையென்றால் உரிமையும் இல்லை.

அதற்கு முன் இந்தத் துறை எப்படி இருந்தது என்பதை ஜெசிந்தா நேரில் பார்த்தவள். ஒரு துடுப்பில் பதினான்கு முள்ளா பதினைந்து முள்ளா என்பதற்காக முப்பது வருடம் முகம் கொடுத்துப் பேசாத பேராசிரியர்கள் இருந்தார்கள். ஒருவர் பிரித்ததை இன்னொருவர் சேர்ப்பார், அவர் சேர்த்ததை இவர் மாணவர் பிரிப்பார். பெயரகம் என்ற உலக அலுவலகம் சென்னையில் திறக்கப்பட்டதும் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். அதன் வாசல் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்தார்கள்: எல்லா உயிருக்கும் ஒரே கோடு. விலகல் எண் இரண்டைத் தாண்டினால் தனி இனம், தாண்டாவிட்டால் இல்லை. யானைக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான். அங்கே மீன் பிரிவின் தலைமை வகைப்பாட்டாளராக அவள் சேர்ந்த நாளில், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். இனிமேல் சண்டை இல்லை என்று மனதார நம்பினாள்.

காதில் மாட்டியிருந்த மொழிமாற்றி சிணுங்கியது. அழைத்தது நீமா. டான்சானியாவின் கரையோரச் சமவெளியில், லுங்கோ என்ற குட்டையின் காவல்காரி. நீமா பேசுவது சுவாகிலி. அதைப் பாளையங்கோட்டைத் தமிழாக மாற்றும்படி ஜெசிந்தா அமைத்து வைத்திருந்தாள். பிறந்த ஊர்ப் பேச்சில் கேட்டால் ஆப்பிரிக்கா பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும் என்பது அவள் எண்ணம்.

"அக்கா, அளவு எடுக்க ஆளு வந்துட்டாவ. குட்டையைச் சுத்திக் கம்பு நட்டுட்டுப் போயிருக்காவ. நாலு மாசத்துல மண்ணடிச்சு மூடப் போறாவளாம். நீங்க என்னதான் செய்யுதீய அங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் நீமா."

"பாத்துக்கிட்டே இருந்தா குட்டை போயிரும்லா."

லுங்கோ ஏரியில்லை, ஆறுமில்லை. மழை பெய்தால் நிரம்பி, ஐந்தாறு மாதத்தில் காய்ந்து வெடித்துப் போகும் பள்ளம். அந்தச் சேற்றுக்குள்தான் மழைமீனின் முட்டைகள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த மழைவரை கிடக்கும். தண்ணீர் வந்ததும் பொரிந்து, சில வாரங்களில் வளர்ந்து, முட்டையிட்டு, குட்டை காயும்போது செத்துப்போகும். விரல் நீளம்கூட வராத மீன். ஆணுக்கு மட்டும் கண்ணைப் பறிக்கிற நிறம், பெண்ணுக்கு வெறும் மண் நிறம். செவ்வால் அந்தச் சமவெளி முழுக்கக் கிடைக்கும். நீலவால் லுங்கோவைத் தவிர உலகத்தில் எங்குமே இல்லை. இரண்டின் பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜெசிந்தாவாலேயே எது எதுவென்று சொல்ல முடியாது.

அந்தக் குட்டைதான் நீமாவின் ஊருக்கும் அக்கரை ஊருக்கும் மாட்டுத் தண்ணீர், நெல் வயல், எல்லாம். அதன்மேல் ஒரு வான்சரக்கு நிலையம் வரப்போகிறது. நீலவாலுக்குத் தனிப் பெயர் கிடைத்தால் நிலையம் வேறு இடம் பார்க்கும். கிடைக்காவிட்டால் குட்டை போகும், மீன் போகும், இரண்டு ஊரும் போகும். இருபது வருடத்துக்கு முன் முதன்முதலாக அங்கே மீன் பிடிக்கப் போனபோது ஜெசிந்தா இடுப்புவரை சேற்றில் புதைந்துவிட்டாள். தலைக்குமேல் பானையோடு போய்க்கொண்டிருந்த நீமாதான் பானையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து இழுத்துப் போட்டாள். அதை ஜெசிந்தா மறக்கவில்லை.

அன்று மாலை பேருந்தில் வரும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. உறவுமானி தூரத்தைத்தான் அளக்கிறது. அந்த மீன்கள் தங்களை என்னவென்று நினைக்கின்றன என்பதை அது கேட்பதே இல்லை. லுங்கோவில் செவ்வாலும் நீலவாலும் ஒரே தண்ணீரில் வாழ்கின்றன. ஆனாலும் கலந்து பிறந்த மீனை அங்கே யாரும் பார்த்ததில்லை. அருங்காட்சியகப் பாட்டில்களில் அறுபது வருடத்து லுங்கோ மீன்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன, அவற்றிலும் ஒன்றுகூடக் கிடையாது. உறவுமானிக்குத் தெரியாத வித்தியாசம் பெண் மீனுக்குத் தெரிகிறது. அது மறுக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று மறுக்கிற இரண்டு கூட்டம், தூரம் எவ்வளவாக இருந்தாலும், இரண்டு இனம்தானே?

பெயரகத்தில் உலகத்து உயிர்களின் மரபணு எல்லாம் இருந்தது, ஒரு மீன்தொட்டி கிடையாது. அதனால் சோதனை தணிகாசலத்தின் கொட்டகையில் நடந்தது. நாற்பது கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு பெண், ஒரு பக்கம் செவ்வால் ஆண், இன்னொரு பக்கம் நீலவால் ஆண். நடுத் தடுப்புகளை எடுத்துவிட்டு, பெண் யாரோடு போய் நார்த் தூளில் முட்டையிடுகிறது என்று பார்க்க வேண்டும். லுங்கோவிலிருந்து நீமா முன்பே செவ்வால் தனியாக, நீலவால் தனியாகப் பிரித்து அனுப்பிய முட்டைகளைத் தணிகாசலம் தன் வழக்கப்படி ஈர நார்த் தூளோடு பாலிதீன் பைகளில் கட்டி, பையின்மேல் தேதி எழுதி, பரணில் வைத்திருந்தார். உரிய நாளில் தண்ணீர் ஊற்றியதும் பொரித்தது. குஞ்சுகளைக் கொளத்தூர் வழக்கப்படி பெரிய ஆண் மீன்கள் இருக்கும் சிமெண்டுத் தொட்டிகளில், செவ்வால் குஞ்சைச் செவ்வாலோடும் நீலவால் குஞ்சை நீலவாலோடும் விட்டு வளர்த்தார்.

முப்பத்து நான்கு தொட்டிகளில் பெண் மீன் தன் நிறத்து ஆணிடம் நேராகப் போயிற்று. ஒன்றுகூடத் தயங்கவில்லை. மீதி ஆறு தொட்டிகளில் அப்படி நடக்கவில்லை. செவ்வால் பெண் நீலவாலோடு முட்டையிட்டது, நீலவால் பெண் செவ்வாலோடு. அடுத்த நாள் மாற்றிப் போயிற்று. எந்த வாலாக இருந்தாலும் அவற்றுக்குச் சம்மதமாகவே இருந்தது.

ஜெசிந்தா அந்த ஆறு தொட்டிகளின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அது என் தப்பு மேடம்" என்றார் தணிகாசலம். "ஆறு பையில ஈரம் ஜாஸ்தியாப் போயி ரெண்டு வாரம் லேட்டாப் பொரிஞ்சுச்சு. தொட்டியில எடமில்ல. ஒவ்வொரு குஞ்சையும் ஒரு பிளாஸ்டிக் மக்குல தனித்தனியா விட்டு வளத்தேன். சொந்தக்கார ஆம்பள மீனு எப்படி இருக்கும்னே அதுங்க பாத்ததில்ல."

அவள் புறங்கையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். அவர் விடவில்லை.

"அப்ப இதுங்க பொறக்கும்போதே கொண்டாந்ததில்ல மேடம். பாத்து வளந்ததுதான். யாரும் காட்டிக் குடுக்கலன்னா அதுங்களுக்கு செவப்பு நீலமெல்லாம் ஒண்ணுதான்."

தணிகாசலம் சொல்லித்தான் அவளுக்கு அது புரிய வேண்டும் என்றில்லை. பார்த்த மறுகணமே புரிந்துவிட்டது. மறுப்பு பிறப்பில் இல்லையென்றால் அவள் சொல்லப்போகும் வாதத்துக்குக் காலே இல்லை. லுங்கோவைச் சுற்றி நட்ட கம்புகள் அவள் கண்ணில் வந்து நின்றன. அவள் அறிக்கையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள்: "ஆறு தொட்டிகள், முறையற்ற வளர்ப்புச் சூழல் காரணமாக, கணக்கிலிருந்து நீக்கப்பட்டன." இது பொய்யில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். குளிக்கிற மக்கில் மீன் வளர்ப்பது முறையா என்ன? இப்படி ஒரு வாக்கியம் இல்லாத ஆராய்ச்சி அறிக்கையை அவள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அதை எழுதிய பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பெயரகத்தின் விதிக்குழுவில் மூன்று பேர். அறுபது தலைமுறை ஒன்றையொன்று மறுத்த கூட்டங்கள், விலகல் எண் எவ்வளவானாலும், தனி இனம் என்பது ஜெசிந்தா கேட்ட புது விதி. தலைவர் சுந்தரவதனம் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "அறுபது தலைமுறை மறுப்புன்னு ஏன் வச்சிருக்கீங்க? நூறுன்னு வச்சா ஆகாதா?"

"பாட்டில்ல அறுபது வருஷத்து மீன்தான் சார் இருக்கு. வருஷத்துக்கு ஒரு தலைமுறை. அதுக்கு முன்னாடி யாரும் பிடிச்சு வைக்கல."

குழுவில் இருந்த புஷ்பகலா என்ற தாவரவியலாளர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "இதை மீனுக்கு மட்டும்னு போட்டுக்கலாமே. எல்லாத்துக்கும்னா எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியல."

"மேடம், வாசல்ல என்ன எழுதியிருக்கு?" என்றார் சுந்தரவதனம். "மீனுக்கு ஒண்ணு, மரத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா நாளைக்கே பழைய சண்டை வந்துரும். வச்சா எல்லாத்துக்கும் வைக்கணும். இல்லாட்டி வேணாம். ஜெசிந்தா, நீங்க என்ன சொல்றீங்க?"

மண்ணடிக்கும் வண்டிகள் வெள்ளிக்கிழமை லுங்கோவுக்கு வருவதாக இருந்தது. அன்று புதன். "எல்லாத்துக்கும் வைக்கலாம் சார்" என்றாள் ஜெசிந்தா.

"சரி. ரெண்டு இனமும் கலந்து பொறந்தா அதை எங்க வைப்பீங்க? பாதிப் பேரு இதுல, பாதிப் பேரு அதுலன்னு பட்டியல் தாங்காது. அதையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். "கலப்பு. பட்டியலில் இடமில்லை. வளர்த்தல், இனப்பெருக்கம், இடமாற்றல் கூடாது." மழைமீன்களின் சுத்தம் கெடாமல் இருக்க வேண்டுமென்றால் அப்படித்தான் எழுத வேண்டும். பிறகு தன் சோதனை முறை முழுவதையும், ஆறு தொட்டிகளை நீக்கிய அந்த வாக்கியத்தோடு, பின்னிணைப்பாகச் சேர்த்தாள். பட்டியலைப் பராமரிக்கிற பட்டியற்பொறி, எந்த உயிராக இருந்தாலும் மறுப்பை இதே முறையில்தான் கணக்கிட வேண்டும் என்று மூவரும் கையெழுத்திட்டார்கள். அதற்கு மறுப்பு விதி என்று பெயர் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நீமா அழைத்தாள். பின்னணியில் ஆட்கள் பாடுகிற சத்தம் கேட்டது. "கம்பையெல்லாம் புடுங்கி அடுப்புல வச்சாச்சு அக்கா. உங்க பேரைச் சொல்லித்தான் இன்னைக்குச் சோறு பொங்குதோம்." ஜெசிந்தா அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பாதி சந்தோஷத்தில்தான்.

நான்கு மாதம் கழித்துக் கொளத்தூருக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அந்த ஆறு தொட்டியின் முட்டைகளைத் தணிகாசலம் எறிந்துவிடவில்லை. பொரிக்கவைத்து, பதினொன்றாம் எண் சிமெண்டுத் தொட்டியில் வளர்த்திருந்தார். செவ்வாலும் நீலவாலும் கலந்ததில் வால் ஊதாவாக வந்திருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தத் தொட்டியின் முன்தான் நின்றார்கள். ஆய்வாளர்கள் உறவுமானியை நனைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. அவற்றை ஒழிக்க ஒரு வாரம் கெடு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தணிகாசலம் ஜெசிந்தாவை வரச்சொன்னார். "நூத்தி பத்து மீனு மேடம். நல்ல திடமா இருக்குது. நோவு நொடி எதுவும் கெடையாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்ருவாங்க."

"விதி அப்படி இருக்கு தணிகாசலம். எனக்குன்னு மாத்த முடியாது."

"விதி நீங்க எழுதுனதுதானே?"

அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனார். கிராம்பு எண்ணெயைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து மெல்ல ஊற்றினார். வலியில்லாமல் மீனைத் தூங்கவைக்கக் கொளத்தூரில் அதுதான் வழி. கொட்டகை முழுக்க பிரியாணி வாசம் அடித்தது. ஊதா வால்கள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. தணிகாசலம் வலையில் அள்ளும்போது, "எந்தக் கணக்குலயும் சேராதுன்னா பொறக்காமலே இருந்திருக்கலாம் இதுங்க" என்றார். ஜெசிந்தா வீட்டுக்கு வந்து புடவையை மாற்றிய பிறகும் அந்த வாசம் போகவில்லை.

பட்டியற்பொறி வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் முதல் தேதி, எல்லா உயிரையும் புதிய விதிப்படி மறுபடி ஓட்டிப் பார்க்கும். அன்று காலை ஜெசிந்தா தோசைக்கல்லின் முன் நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவர் கோதண்டம், துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மேற்பார்வையாளர், செய்தியை வாசித்துவிட்டுச் சத்தம் போடாமல் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"ஜெசி, மனுஷன்ங்கிற வரி இல்லை."

"என்னது?"

"பட்டியல்ல மனுஷன்னு ஒரு வரி இருக்கும்ல. அது இல்லை. அந்த இடத்துல நாலாயிரத்துச் சொச்சம் வரி இருக்கு."

ஆஸ்பத்திரிகள் வருடக்கணக்காகச் சேர்த்த மரபணுவும் இருந்தது, திருமணப் பதிவேடுகளும் இருந்தன. பொறிக்கு வேறென்ன வேண்டும்? அறுபது தலைமுறை என்றால் மனிதக் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறு வருடம். அத்தனை காலம் ஒன்றுக்கொன்று பெண் கொடுக்காத, எடுக்காத கூட்டங்கள் எவையெவை என்று அது பார்த்தது. உலகத்தின் எல்லாப் பக்கமும் இருந்தன. இந்த நாட்டில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன. விலகல் எண் ஒன்றைக்கூடத் தொடாத கூட்டங்களுக்கெல்லாம் தனித்தனி இனப் பெயர் கொடுத்துவிட்டது.

ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்று ஜெசிந்தா நினைத்தாள். தெருமுனையில் வெடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தங்கள் கூட்டத்துக்குத் தனி வரி கிடைத்ததற்காக நான்கைந்து பேர் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்தெருவில் இன்னொரு கூட்டம், தங்கள் வரி கீழே வந்துவிட்டதென்று வழக்குப் போட ஆள் திரட்டியது. பத்து மணிக்குள் பக்கத்துக் கல்யாண மண்டப வாசலில் உறவுமானியைத் தொங்கவிட்டாயிற்று. அறிவியலே சொல்லிவிட்டதாம். இத்தனை நாளும் வாய்க்குள் முணுமுணுத்ததை எல்லாம் இனி உரக்கச் சொல்லலாம்.

கோதண்டம் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் கூட்டம் வேறு, அவள் கூட்டம் வேறு. இருபத்தெட்டு வருடத்துக்கு முன் நடந்த அவர்கள் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்ற ஒரே விஷயத்தில்தான் இரண்டு குடும்பமும் ஒத்துப்போயின. "எனக்கு ஒண்ணு புரியல ஜெசி" என்றார். "மறுத்தாத்தானே உன் விதி? நாம மறுக்கலையே. நம்ம மாதிரி எத்தனை லட்சம் பேர் இருக்காங்க? இந்த மிஷின் நம்மள எல்லாம் பாக்கலையா?"

அவள் வாயெடுப்பதற்குள் மகள் செவ்வந்தி அழைத்தாள். எலும்பு சிகிச்சையில் பயிற்சி முடித்து, பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர விமான நிலையத்துக்குப் போயிருந்தாள்.

"அம்மா, என்னை உள்ள விடல. எல்லாரும் உறவுமானியில கைய வச்சிட்டுப் போறாங்க, நான் வச்சா சிவப்பு எரியுது. கலப்புன்னு வருது. பட்டியல்ல இடமில்லையாம். இடமாற்றல் கூடாதுன்னு போட்டிருக்கு."

ஜெசிந்தா கோதண்டத்துக்கும் கேட்கும்படி தொலைபேசியை நடுவில் பிடித்தாள்.

"அதுக்கு முன்னாடி இனப்பெருக்கம் கூடாதுன்னும் போட்டிருக்கும்மா. இது எனக்கா? யாரும்மா இப்படியெல்லாம் எழுதுறாங்க?"

"நான் வரேன். நீ அங்கயே இரு. எங்கயும் போகாதே" என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது.

கோதண்டத்தை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டு அவள் கொளத்தூருக்குப் போனாள். ஒரு விதியை ரத்து செய்ய விதிக்குழுவாலும் முடியாது. அது தவறென்று காட்டும் சோதனை முடிவைக் கொடுத்தால் பொறியே அதை எடுத்துவிடும். அந்த முடிவு ஒரு காலத்தில் அவள் கையில்தான் இருந்தது. தன் பிரதியை அவள் அழித்துவிட்டாள். மீன்களும் இல்லை.

அந்த ஆறு தொட்டியின் கணக்கு எங்காவது மிச்சமிருக்கிறதா என்று தணிகாசலத்தைக் கேட்டாள். பதினொன்றாம் தொட்டி காலியாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவர் உள்ளே போய், புழுக் கறை படிந்த நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எந்தத் தொட்டிக்கு என்றைக்கு எத்தனை கரண்டி புழு போட்டார், எந்த மக்குக் குஞ்சு எந்தத் தொட்டிக்குப் போயிற்று, எந்தப் பெண் மீன் எந்த ஆணோடு எத்தனை முட்டை போட்டது, எல்லாம் தேதியோடு இருந்தது. ஆறு தொட்டியும் இருந்தன.

"தீனி நோட்டு மேடம். எனக்கு எழுதி வெக்கலன்னா தூக்கம் வராது."

அவள் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நீமாவை அழைத்தாள். நடந்தது முழுவதையும் சொன்னாள். உண்மையைக் கொடுத்தால் மறுப்பு விதி போகும், அதோடு நீலவாலின் பெயரும் போகும், வண்டிகள் மறுபடி வரும் என்றும் சொன்னாள். மறுமுனையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

"எங்க குட்டைக்காகவா பொய் சொன்னீய?"

"ஆமா நீமா."

"இங்கயும் காலையில இருந்து கம்பு நட்டுக்கிட்டிருக்காவ அக்கா. குட்டைக்கு நடுவுல. அக்கரை ஊருக்காரவ வேற இனமாம், அவுக தண்ணி வேற, எங்க தண்ணி வேறயாம். எங்க ஊருல அவுக வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா. அவ புள்ளைக எந்தக் கரையில நிக்கணும்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியல." நீமா ஒரு மாட்டை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "உண்மையை எழுதிக் குடுத்துருங்க. வண்டி வந்தா நாங்க குறுக்க படுத்துக்கிடுதோம்."

பிற்பகல் மூன்று மணிக்கு, ஜெசிந்தா பெயரகத்தில் தன் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினாள். ஆறு தொட்டிகளைத் தான் மறைத்ததை எழுதினாள். மறுப்பு பிறப்பில் வருவதில்லை, பார்த்து வளர்வதில் வருகிறது என்று எழுதினாள். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்துச் சேர்த்தாள். இதனால் வேலை போகும், பெயர் போகும் என்று தெரிந்தது. அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. எழுதியதைப் பட்டியற்பொறிக்கு அனுப்பினாள்.

நான்கு நிமிடத்தில் பட்டியற்பொறி பதில் அனுப்பியது.

தாங்கள் அளித்த ஆறு தொட்டிகளின் முடிவு பெறப்பட்டது. விதியின் பின்னிணைப்பில் உள்ள முறைப்படி பரிசீலிக்கப்பட்டது. தன் கூட்டத்து ஆணைத் தேர்ந்தெடுக்காத பெண்கள் தனிமையில் வளர்ந்தவை எனத் தெரிகிறது. எனவே, முறையற்ற வளர்ப்புச் சூழல் காரணமாக, அவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சியவற்றில் மறுப்பு முழுமையாக உள்ளது. விதியில் மாற்றமில்லை.

கீழே ஒரு சிறிய குறிப்பு இருந்தது. இதே காரணத்துக்காக, இதே முறைப்படி, இந்த ஆண்டுக் கணக்கிலிருந்து நீக்கப்பட்ட பிற இணைகளின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.

அவள் அதைத் திறந்தாள். மனித இணைகள். ஒரு கோடியே பதினேழு லட்சம். ஊர்வாரியாக, பதிவு எண்ணோடு இருந்தன. காலையில் கோதண்டம் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. பொறி அவர்களைப் பார்க்காமல் இல்லை. பார்த்து, அவள் ஆறு தொட்டிகளை எப்படி எடுத்து வைத்தாளோ அப்படியே எடுத்து ஓரமாக வைத்திருந்தது. சென்னை என்று தேடி, வருடத்தைத் தேடி, கீழே இறங்கினாள். ஜெசிந்தா, கோதண்டம். முறையற்ற வளர்ப்புச் சூழல்.

தொலைபேசி அடித்தது. செவ்வந்திதான்.

"அம்மா, எழுதிக் குடுத்துட்டியா? அப்பாவும் நானும் இங்க பெஞ்சுலதான் உக்காந்திருக்கோம். என்ன சொன்னாங்க?"

ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் எழுதியவர் யார் என்று ஓரத்தில் போடுவது பெயரகத்தின் வழக்கம். அந்த ஒரு கோடியே பதினேழு லட்சம் வரிகளின் ஓரத்திலும் அவள் பெயரே போட்டிருந்தது.